அம்மா போகாத நான்கு நாட்கள்

நானும் அம்மாவும் சேர்ந்து செய்த கடைசி வேலை, சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருக்கும் வளைந்த குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்தது. ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. இரண்டு நாளாக வீட்டில் ஒரு நாற்றம். அழுகல் நாற்றம்தான், ஆனால் அதில் ஏதோ தித்திப்பும் கலந்திருந்தது. குழாய்தான் என்று முடிவு செய்தேன். அம்மா பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து வாளியைப் பிடித்துக்கொண்டாள். நான் மல்லாந்து படுத்து மறையைத் திருகினேன். சாம்பல் நிறக் கொழுப்பும், முடிக்கற்றையும், ஒரு சின்னக் கரண்டியும் வாளியில் விழுந்தன.

"எட்டு மாசமா தேடுன கரண்டி," என்றாள். "நல்லவேளை வேலைக்கு ஆள் வெக்கல. வெச்சிருந்தா அவ மேல பழி போட்டிருப்பேன்."

குழாயைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, புது வாஷர் போட்டு மாட்டினேன். தண்ணீர் விட்டுப் பார்த்தோம். கசிவு இல்லை. நாற்றம் அப்படியே இருந்தது. குப்பைக்கூடையை வெளியே வைத்தேன். குளியலறைச் சல்லடையைத் தூக்கி முகர்ந்தேன். எலி செத்துக் கிடக்கிறதோ என்று ஃப்ரிட்ஜை நகர்த்தினேன். அம்மா முக்காலியை விட்டு எழவில்லை. நான் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தலையை விட்டிருந்தபோது சொன்னாள்.

"குழாய் இல்லடா. நான்தான்."

புற்றுநோய் போய்விட்டது, படம் சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர்கள் சொல்லி அப்போது ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

அம்மா தண்ணீர் வாரியத்தில் மீட்டர் படிப்பவள். அப்பா அதே வாரியத்தில் பம்ப் அறையில் இருந்தவர். எனக்கு ஒன்பது வயதில் மாரடைப்பில் போனார். அவர் இடத்தில் அம்மாவுக்கு வேலை கொடுத்தார்கள். பம்பைத் தொடவிடாமல் மீட்டர் புத்தகத்தைக் கையில் திணித்து அனுப்பினார்கள். இருபத்தாறு வருடம், பதினான்கு தெரு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தரையில் ஒரு குழி, மேலே இரும்பு மூடி, உள்ளே மீட்டர். மூடியைத் தூக்கினால் முதலில் கரப்பான்கள் ஓடும். பிறகு சேறு, செத்த எலி, போவோர் வருவோர் துப்பியது. அதற்குள் கையை விட்டு, கண்ணாடியைத் துடைத்து, எண்ணைப் படிக்க வேண்டும். தெருக்காரர்களுக்கு அவள் மீட்டரக்கா. நாய்களுக்கு என்ன பெயரோ தெரியாது, ஆனால் பதினான்கு தெரு நாய்களும் அவளைக் கண்டால் எழுந்து நிற்கும்.

ஒரு வீட்டில் கழிவுக்குழாய் உடைந்து குழி நிரம்பிக் கிடந்தது. வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, போன மாத எண்ணோடு கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அம்மா சீருடைக் கையைச் சுருட்டி, மக்கால் மொண்டு வெளியே ஊற்றி, துடைத்து, எண்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாள். கை கழுவ சோப்புக் கேட்டாள். அவர் வெளிக்குழாயடியில் கிடந்த துணி சோப்பைக் காட்டினார்.

"குளிக்கிற சோப்ப எடுத்துட்டு வாங்க சார். கையில இருக்கறது உங்க வீட்டுச் சரக்குதான்."

கொண்டு வந்தாராம். இந்தக் கதையைப் பல வருடம் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்த சோப்பு மேலும் மேலும் வாசனையானதாக ஆகிக்கொண்டு போனது.

ஊரார் வீட்டு அழுக்கில் தோள்வரை கை விட்டவள், தன் உடம்பிலிருந்து வந்ததை மட்டும் ஒளித்து வைத்தாள். மாதவிடாய் நின்று பதினோரு வருடம் கழித்து மறுபடி ரத்தம் வந்திருக்கிறது. ஐந்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரிய வந்தது தெருமுனைக் கடைக்காரரால். ஒருநாள் பிளேடு வாங்கப் போனபோது அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மருமகள் வந்துவிட்டாளாமே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்றார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. அம்மா மருமகளுக்கு என்று சொல்லி மாதம் நாலு பாக்கெட் நாப்கின் வாங்கியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். எந்த வார்த்தையால் கேட்டேன் என்று நினைவில்லை. முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

பெரிய மருத்துவமனையில் கருப்பை வாயில் புற்றுநோய் என்றார்கள். பக்கத்தில் பரவியிருக்கிறது, தூரத்துக்குப் போகவில்லை. அறுவை தேவையில்லை, கதிர் சிகிச்சையில் தீர்க்கலாம். டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். காது கேளாதவர்களோடு பேசிப் பழகியதுபோலச் சத்தமாகப் பேசினார். முதலில் ஐந்து வாரம் வெளியிலிருந்து கதிர், வாரத்துக்கு ஐந்து நாள், கூடவே வாரம் ஒரு முறை மருந்து ஏற்றுவது. பிறகு உள்ளே வைத்துக் கொடுக்கும் கதிர், நான்கு நாள். எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். எட்டு வாரம் என்பதைத் தாளில் எழுதி இரண்டு கோடு போட்டார்.

காத்திருக்கும் கூடத்தில் கதிர் சிகிச்சையை யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை. கரண்ட். வெளிக் கரண்ட், உள் கரண்ட். 'எத்தனாவது கரண்ட்?' என்றுதான் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள். அம்மாவுக்கு அங்கே ஒரு சிநேகிதி கிடைத்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அதே நோய், அதே கட்டம், ஒரே வாரத்தில் தொடங்கியவர்கள். இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து யாருக்கு அதிக வயிற்றுப்போக்கு என்று போட்டி போட்டுச் சிரிப்பார்கள். நான் காதுக்குள் இயர்ஃபோனைச் செருகிக்கொள்வேன்.

மூன்றாவது வாரம் ரத்தம் நின்றது. அம்மா வாரியத்துக்குத் தொலைபேசி செய்து, தன் தெருக்களை வேறு யாருக்கும் நிரந்தரமாகக் கொடுத்துவிட வேண்டாம் என்றாள்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நான் எண்ணெய்க் குழாய்களின் பற்றவைப்பைச் சோதிப்பவன். இரிடியம் என்ற உலோகத்தின் ஒரு துணுக்கு, அரிசியைவிடச் சின்னது, ஒரு கம்பி நுனியில் கனமான பெட்டிக்குள் இருக்கும். பெட்டியைப் பற்றவைப்புக்குப் பக்கத்தில் வைத்து, கயிறு கட்டி ஆட்களை விலக்கிவிட்டு, தூரத்திலிருந்து கைப்பிடியைச் சுற்றினால் துணுக்கு பெட்டியை விட்டு வெளியே வரும். கதிர் குழாயைத் துளைத்துப் படத்தகட்டில் பதியும். வெளியே வந்த கணத்தில் நாங்கள் இன்னும் தள்ளி ஓடுவோம். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நாலில் ஒன்றாகும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்தது இதுதான். பன்னிரண்டு வருடம் இதை ஓடுவதற்கான காரணமாக மட்டுமே படித்து வைத்திருந்தேன்.

ஐந்தாவது வாரக் கடைசியில் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து உள் கரண்ட்டை விளக்கினார். கருவியை மேசையில் வைத்தார். மெல்லிய எஃகுக் குழாய், நுனியில் லேசான வளைவு. அதோடு சேர்த்து இரண்டு உருண்டைக் குமிழ்கள். குழாய் கருப்பைக்குள் போகும், குமிழ்கள் அதன் வாயின் இரு பக்கமும் நிற்கும். அசையாமல் இருக்கவும், மூத்திரப்பையையும் மலக்குடலையும் தள்ளி வைக்கவும் துணியை மடித்துத் திணிப்போம். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி உண்டு. படம் எடுத்து அளவு கணக்கிட்ட பிறகு, எல்லோரும் அறையை விட்டு வெளியே வந்துவிடுவோம். இயந்திரம் ஒரு கம்பி நுனியில் இரிடியத்தை உள்ளே அனுப்பும். பத்துப் பதினைந்து நிமிடம். பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம்.

அம்மா குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தாள். துருப்பிடிக்காததுதானே என்று கேட்டாள். ஊசிக்குப் பயமா என்று டாக்டரம்மா கேட்டதற்குக் கணுக்காலில் இருந்த நாய்க்கடித் தழும்புகளைக் காட்டினாள். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திணிப்போம் என்ற சொல் காதிலேயே நின்றது.

வெளியிலிருந்தே கூட்டிக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். கட்டியைக் கொல்லும் அளவுக்குக் கொடுத்தால் வழியில் இருக்கும் குடலும் மூத்திரப்பையும் வெந்துவிடும் என்றார் டாக்டரம்மா. இதுவரை கொடுத்தது பாதி வேலை, மீதிப் பாதி உள்ளே இருந்துதான் நடக்க வேண்டும் என்றார். கதிர் எனக்குத் தெரியும், அதுதான் என் வேலை என்றேன். அப்படியானால் அம்மாவுக்கு நீங்களே புரியவைப்பீர்கள் என்று சொல்லி, திங்கள், வியாழன், திங்கள், வியாழன் என்று நான்கு தேதி எழுதிக் கொடுத்தார்.

பேருந்து நிறுத்தத்தில் அம்மாவிடம் வேண்டாம் என்றேன்.

அவளுக்கு ஆச்சரியம். "குழிக்குள்ள கை விடாம மீட்டர் எப்படிடா படிக்கிறது? தெருவுல நின்னு எட்டிப் பாத்தா எண்ணு தெரியுமா?"

அவள் சொன்னதுதான் முழு இயற்பியல். தூரம் இரண்டு மடங்கானால் நாலில் ஒன்று. கட்டியை ஒட்டியே வைத்தால் கட்டிக்கு முழு அளவு கிடைக்கும், இரண்டு விரல் தள்ளி இருக்கும் குடலுக்குக் கொஞ்சமே போகும். நான் தப்பித்து ஓடப் பயன்படுத்திய அதே விதி அவளைக் காப்பாற்றப் பயன்பட்டிருக்கும். மீட்டர் படிப்பவள் அதைக் கண்டுகொண்டாள். நான் கைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினேன்.

எங்கள் பயிற்சி வகுப்பில் காட்டுகிற படம். எங்கோ ஒரு தொழிலாளி, கீழே விழுந்து கிடந்த இரிடியத் துணுக்கை என்னவென்று தெரியாமல் காற்சட்டைப் பையில் போட்டு, பாதி நாள் சுமந்திருக்கிறான். தொடை. மூன்று வாரம் கழித்து எடுத்தது. அதை விவரிக்க மாட்டேன். அம்மாவிடம் விவரித்தேன். இதே பொருளைத்தான் உனக்குள் வைப்பார்கள் என்றேன். பெட்டியில் இருப்பதைவிட அது பல மடங்கு வலுக் குறைந்தது, நிற்பது சில நிமிடம், அளவு முன்கூட்டியே கணக்கிடப்பட்டது. மூன்றும் எனக்குத் தெரியும். மூன்றையும் சொல்லவில்லை.

அம்மா படத்தை நெடுநேரம் பார்த்தாள். பேருந்து வந்து, நின்று, போனது.

"சரி. நீ படிச்ச விஷயம். உனக்குத் தெரியாததா."

அவளுக்காக இன்னொரு இடம் தேடினேன். வாசலில் செயற்கை நீரூற்று, கை கழுவும் இடத்தில் ரோஜா வாசனைத் திரவம். அங்கிருந்த நிபுணர் என் வேலையைக் கேட்டதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குழாய் வைப்பதெல்லாம் பழைய முறை, எங்கள் இயந்திரம் வெளியிலிருந்தே ஊசிமுனை மாதிரி கொடுக்கும் என்றார். "உங்க படிப்புக்கு நான் விளக்கவே வேண்டியதில்ல சார்," என்றார். நான் காதால் கேட்க விரும்பியது அது ஒன்றுதான். உள்ளே வைக்கும் இயந்திரம் அங்கே கிடையவே கிடையாது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். இருந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பார். வீட்டுக்கு ஒரு பம்ப் வாங்கினால்கூட இரண்டு பக்கம் கேள்வி எழுதி அனுப்புகிறவன் நான். அம்மாவுக்காக ஒரு கேள்வி கேட்கவில்லை.

பழைய படங்களைச் சேகரித்து, புதிய படம் எடுத்து, அவர்கள் தொடங்க மூன்று வாரம் ஆனது. முடிந்தபோது பதினோராவது வாரம். படம் சுத்தம், நோய் போய்விட்டது என்றார்கள். அதற்குள் பெரிய மருத்துவமனையிலிருந்து ஐந்து முறை அழைத்தார்கள். கொடுத்திருந்தது என் எண்தான். நான் எடுக்கவில்லை.

வாளியும் குழாயுமாக நாங்கள் உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் நீரூற்றுக்காரர்களிடம் போனோம். அதே இடத்தில், நடுவில், திரும்ப வளர்ந்திருக்கிறது என்றார் அந்த நிபுணர். மூத்திரப்பைக்கும் வழி திறந்துவிட்டது. இந்த முறை நாற்காலியை முன்னால் இழுக்கவில்லை. வலிக்கு மருந்து எழுதினார். உடம்பின் போக்கு என்றார். அம்மா அவருக்கு நன்றி சொன்னாள். எனக்கு அவர் மேசையைக் கவிழ்க்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அந்த மேசையைத் தேடிப் பிடித்தவன் நான்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் ஒருவரை ஏற்பாடு செய்தேன். நாற்றத்துக்கு மாத்திரையைப் பொடித்துத் தூவச் சொல்லிக்கொடுத்தார். துணி மாற்றும் வேலையை முதல் வாரம் அம்மாவே செய்தாள். முடியாமல் போனதும் நான் செய்தேன். கையுறை இரண்டு, முகக்கவசம் இரண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுவேன். நாற்பதுக்குள் முடித்துவிடுவேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, நானும் உனக்கு எத்தனை தடவை செய்திருப்பேன் என்று பெரிய தொகையாகச் சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்ப்பாள். மாமா, அவள் அண்ணன், பார்க்க வந்து கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி நிலைப்படியிலேயே நின்றுவிட்டுப் போனார். அவரைத் திட்டித் தீர்த்தேன். அவர் கைக்குட்டை வைத்திருந்தார், நான் இரண்டு முகக்கவசம் போட்டிருந்தேன்.

வேன் ஓட்டுகிறவள் ஒருநாள் மதியம் வந்தாள். பள்ளி விடும் நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்று வண்டியை வாசலிலேயே நிறுத்தியிருந்தாள். உடம்பு தேறி, கன்னம் உப்பியிருந்தது. கட்டிலில், அம்மாவின் காலடியில், எந்தத் தயக்கமும் இல்லாமல் உட்கார்ந்தாள். நான் அடுத்த அறையில் இருந்தேன், கதவு திறந்திருந்தது. நான்கு உள் கரண்ட்டும் எடுத்துக்கொண்டாளாம். கடைசியாக எடுத்த படத்தில் ஒன்றும் இல்லையாம்.

அம்மா எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"பத்து நிமிஷம்க்கா. மிஷின் போனதும் தெரியல, வந்ததும் தெரியல. துணி திணிச்சதுதான் கஷ்டம். மானம் போன மாதிரி இருந்துச்சு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, போன மானம் எனக்கு முன்னாடி வந்து உக்காந்திருக்கு."

இருவரும் சிரித்தார்கள். அம்மாவுக்குச் சிரித்தால் வலிக்கும். அப்படியும் சிரித்தாள். எனக்கு அந்த வேன்காரியின் உப்பிய கன்னத்தைக் கண்டால் வெறுப்பாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அவள் போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டாள். தொடை வெந்தவன் படத்தைப் பற்றிக் கேட்டாள். அது பாதி நாள் பையில் இருந்தது, இது பத்து நிமிடம். நான் அன்று ஏன் அதைச் சொல்லவில்லை? மறந்துவிட்டேன் என்று சொல்லலாம் என்று பார்த்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. மீட்டர் எண் போன மாதத்தோடு பொருந்தாதபோது திரும்பத் துடைத்துப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"பயமாடா? இல்ல அருவருப்பா?"

"அருவருப்பு," என்றேன்.

போர்வையை இழுத்து இடுப்புவரை மூடிக்கொண்டாள்.

"நீ வந்த வழிதானடா அது," என்றாள். பிறகு தண்ணீர் கேட்டாள்.

அடுத்த இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள், டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும் என்றாள். இனி அவரால் செய்ய ஒன்றும் இல்லையே என்றேன். வைத்தியத்துக்கு இல்லை என்றாள். நமக்காக நான்கு நாள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஊசி போடுகிறவர், படம் எடுக்கிறவர், கணக்குப் போடுகிறவர் எல்லோரும் காத்திருந்திருப்பார்கள். வேறு யாராவது நாலு பேர் அந்த நாளை வாங்கிப் பிழைத்திருப்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டோம். ஒரு வார்த்தை நேரில் சொல்லிவிட்டு வர வேண்டும்.

என்ன சொல்வாய் என்று கேட்டேன்.

"நான்தான் படத்தப் பாத்து பயந்து ஓடிட்டேன்னு சொல்லிக்கறேன். உன் பேரு வராது."

டாக்டரம்மா நம்பமாட்டார் என்றேன். நாய்க்கடியைக் காட்டியவளாயிற்றே. அதெல்லாம் நம்பும்படி சொல்லத் தெரியும், நீ வண்டி மட்டும் ஏற்பாடு செய் என்றாள். நாற்றம் வராமல் இருக்க எத்தனை துணி வைக்க வேண்டும், கூடத்தில் எந்த ஓரத்தில் உட்கார வேண்டும், எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். டாக்டரம்மா நோயாளிகளைப் பார்ப்பது செவ்வாயும் வெள்ளியும். வெள்ளிக்கிழமை போவது என்று முடிவானது. வண்டி சொன்னேன்.

வியாழன் காலை அவளுக்கு மூத்திரம் நின்றது. மதியம் என்னை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நர்ஸ் வந்து பார்த்து, சிறுநீரகம் அடைத்துவிட்டது என்றார். வெள்ளிக்கிழமை எட்டரைக்கு வண்டி வந்து ஒலி எழுப்பியது. நான் வெளியே போய்த் திருப்பி அனுப்பினேன். சனிக்கிழமை விடிந்த பிறகு அம்மா போய்விட்டாள். அன்று துணி மாற்றியபோது கையுறை போட்டேனா என்று நினைவில்லை.

அதற்குப் பிறகு ஆறு செவ்வாய், ஆறு வெள்ளி போயிருக்கின்றன. டாக்டரம்மாவின் அறை முதல் மாடியில், படம் எடுக்கும் இடத்தைத் தாண்டி இடது பக்கம். காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை. சீட்டு வேண்டியதில்லை, நோயாளியின் கோப்பு எண்ணைச் சொன்னால் போதும். அவர் கையில் இருக்கும் கோப்பில் அம்மாவின் பெயருக்கு எதிரே நான்கு தேதிகளிலும் 'வரவில்லை' என்று இருக்கும். அம்மா சொல்ல நினைத்ததை என்னால் சொல்ல முடியாது. வேறொன்று சொல்ல வேண்டும். இன்னும் யாரும் போய்ச் சொல்லவில்லை.